பணிக்குறிப்பு எழுதுவதைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் 22 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்த்து வருகிறேன். வெளிநாட்டு பையர் (ஆடை வாங்குபவர்) என்ன கேட்கிறார் என்பதைப் புரிந்துகொண்டு, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அவரவருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் இந்த நாட்களில், நம் பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல் போதவில்லை, சொன்னதைச் செய்கிறார்களே தவிர சுயமாக யோசிப்பதில்லை என்று பலரும் வருந்திப் பேசுவதைக் கேட்கிறேன். அந்த வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு குறை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க நாம் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்பவருக்கே தனக்கு வேண்டியது இன்னதென்று சொல்லத் தெரியாதபோது, செய்பவர் எதை வைத்து யோசிப்பார்?

ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது எழுதிக் கொடுக்கும் விவரத்தை எங்கள் தொழிலில் டெக்பேக் என்பார்கள். அதையே உள்ளூர்ப் பிரிவுகளுக்குப் பிரித்து எழுதினால் ஜாப் கார்டு. விளம்பரத் துறையினர் பிரீஃப் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றே என்பதால் இந்தக் கடிதத்தில் பணிக்குறிப்பு என்று எழுதுகிறேன்.

என் கையால் நேர்ந்த ஒரு பிழையைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐரோப்பிய பையருக்கு 6,000 டி-சர்ட் அனுப்ப வேண்டியிருந்தது. நாள் குறைவாக இருந்ததால் பாதியை வெளியே, கூலிக்கு வெட்டித் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கொடுத்தோம். பையர் அனுப்பிய டெக்பேக்கில், பின்கழுத்தின் நடுப்புள்ளியிலிருந்து கீழ்மடிப்பு வரை ஓர் அம்புக்குறி போட்டு, மீடியம் சைஸுக்கு 70 செ.மீ. என்று குறித்திருந்தார்கள். நான் அவசரத்தில் தமிழில் எழுதிய ஜாப் கார்டில் ‘உயரம் 70 செ.மீ.’ என்று மட்டும் எழுதினேன். எங்கிருந்து எதுவரை என்பதை எழுதவில்லை. அந்த யூனிட்டின் கட்டிங் மாஸ்டர் தன் அட்டை பேட்டர்னைத் தானே வெட்டிக்கொள்ளும் அளவுக்குத் தேர்ந்தவர். தோளின் உச்சியில், கழுத்தை ஒட்டிய இடத்திலிருந்து அளப்பது அவர் வழக்கம். பல பையர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்பதால் அதில் தவறு சொல்ல இடமே இல்லை. ஆனால் பின்கழுத்து அந்த உச்சியைவிட 2 செ.மீ. இறங்கியிருக்கும். ஆகவே பையர் அளக்கும் இடத்திலிருந்து அளந்தால் எங்கள் ஆடை 68 செ.மீ.தான் வந்தது. அவர்கள் அனுமதித்த ஏற்ற இறக்கமோ 1 செ.மீ. முதல் பண்டல் தைத்து மேசைக்கு வந்தபோதுதான் கண்டுபிடித்தோம். அதற்குள் 3,000 பீஸும் வெட்டி அடுக்கியாகிவிட்டது. நீளம் கூடியிருந்தால் வெட்டிவிடலாம். குறைந்துபோன துணியை எங்கே போய் வாங்குவது?

அன்று மாலை யூனிட்டில் எல்லோரையும் கூட்டி, ‘எப்படியாவது ஒரு வழி சொல்லுங்கள்’ என்று கேட்டோம். பையரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். அயர்ன் செய்யும்போது இழுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். இழுத்த பின்னல் துணி ஒரு துவைப்பில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இரவு வீட்டில் உட்கார்ந்து, கேட்ட விதம்தான் சரியில்லை என்று தோன்றியதால், ஒரு தாளில் சில வரிகள் மட்டும் எழுதினேன். கீழ்ப்பக்கம் 2 செ.மீ. நீளம் கூட வேண்டும். ஏனென்றால் பையர் பின்கழுத்திலிருந்து அளந்து பார்ப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இப்போதுள்ள இரட்டை ஊசித் தையல் அப்படியே தெரிய வேண்டும். புதிதாகத் துணி கிடையாது, கட்டிங் வேஸ்ட் மட்டும் உண்டு. நான்கு நாளில் முடிய வேண்டும். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மறுநாள் காலை அந்தத் தாளைத் தையல் லைனில் ஒட்டினோம். தேநீர் நேரத்துக்கு முன்பே பிளாட்லாக் (இரட்டை ஊசித் தையல் போடும் இயந்திரம்) ஓட்டும் அக்கா ஒருவர் வந்தார். ‘ஏனுங்க, கீழ மடிக்கிறதுக்கு ரெண்டரை சென்டி விட்டிருக்கோமில்லீங்க, அத மடிக்காம விட்டுட்டு, உள்ளுக்கு மட்டும் வேஸ்ட் துணியில பட்டி வெச்சுத் தெச்சா ஆகாதுங்களா?’ என்று கேட்டார். மடிப்புக்கு விட்ட இரண்டரையில் பட்டியை இணைக்க அரை சென்டிமீட்டர் போனால் மிச்சம் சரியாக 2 செ.மீ. வெளியே அதே இரட்டைத் தையல். ஒரு பீஸ் தைத்து, உள்ளே பட்டி இருப்பதையும் மறைக்காமல் எழுதி பையருக்கு அனுப்பினோம். அந்த ஒரு லாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த அக்கா முந்தின நாள் மாலையும் அதே கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய திறமை ஓர் இரவில் முளைத்ததாக நான் நினைக்கவில்லை. எது மாறக்கூடாது, எது மாறலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் மனதில் அந்தக் கணக்கு ஓடியிருக்கிறது.

இதை அன்றிலிருந்து எனக்கு நானே விதியாக வைத்திருக்கிறேன். பணிக்குறிப்பில் மாறக்கூடாதது எது என்று எழுத வேண்டும், அதற்குக் காரணமும் எழுத வேண்டும், செய்பவர் விருப்பத்துக்கு விட்டது எது என்பதையும் எழுத வேண்டும். முதலாவதைப் பலர் எழுதுகிறார்கள். காரணத்தை எழுதுகிறவர்கள் குறைவு. மூன்றாவதை எழுதுகிறவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

காரணம் எழுதுவதால் என்ன லாபம் என்பதற்கும் எங்கள் தொழிலிலேயே சான்று உண்டு. குழந்தைகள் ஆடைக்கு ‘கழுத்து லேபிளை இன்னும் மெல்லியதாகப் போடவும்’ என்று குறிப்பு வந்தால், லேபிள் வாங்கும் பிரிவு மெல்லிய சாட்டின் தேடி அலையும். அதற்கு மேல் யோசிக்க அந்த வாக்கியத்தில் இடமில்லை. ‘லேபிள் குழந்தையின் கழுத்தில் உறுத்தக்கூடாது, ஆனால் நூலிழைக் கலவை விவரம் ஆடையில் இருந்தாக வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். பிராண்டு பெயரையும் சைஸையும் கழுத்தின் உட்புறம் துணியிலேயே அச்சிடலாம், விவர லேபிளை இடுப்புக்குக் கீழே பக்கவாட்டுத் தையலுக்குக் கொண்டு போகலாம், தைக்கும் விளிம்பை மாற்றலாம் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு யோசனை வரும். முதல் வாக்கியம் விடையைச் சொல்லிவிட்டுச் செய்யச் சொல்கிறது. இரண்டாவது, கேள்வியைச் சொல்கிறது.

கட்டுப்பாடு எழுதினால் கற்பனை சுருங்கிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மூன்று வீரர்கள் நிலவில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் ஒதுங்க நேர்ந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இருவருக்காக அமைத்த அந்தக் கலத்தில் மூவர் மூச்சுவிட்டதால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன, ஆனால் அவை சதுரம். சிறு கலத்தில் இருந்த பொருத்துவாயோ வட்டம். தரையில் இருந்த பொறியாளர்களுக்குக் கிடைத்த பணிக்குறிப்பைப் போலக் கடுமையானது வேறு இருக்க முடியாது: கலத்துக்குள் என்ன இருக்கிறதோ அதை மட்டும் கொண்டு சதுரத்தை வட்டத்தோடு இணைக்க வேண்டும், வாயு உயிருக்கு ஆபத்தான அளவை எட்டும் முன்பு. பிளாஸ்டிக் பை, விண்வெளி உடையின் குழாய், கையேட்டின் அட்டை, ஒட்டும் நாடா ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் வழி கண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த கட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. தரையில் செய்த அந்தப் பொருளைப் படமாகக் காட்ட வழியில்லை. வானொலியில் வாய்வார்த்தையாகச் சொல்லி, அதைக் கேட்டு வீரர்கள் தங்கள் கையால் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சொல் மயங்கினாலும் அங்கே உயிர் போகும். கண்டுபிடித்த அறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று, அதைப் பிறர் செய்யும்படி வரிசையாகச் சொன்ன அறிவு.

நம் நாட்டிலும் நல்ல சான்று இருக்கிறது. இந்திய ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2009-இல் போட்டி அறிவித்தது. நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் உணர்த்த வேண்டும், கணினியின் வழக்கமான விசைப்பலகையில் இடம்பெறத் தக்கதாக இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளுள் முக்கியமானவை. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து, ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, அவற்றுள் உதயகுமார் வரைந்ததை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு பயின்றவர். தேவநாகரி ‘ர’ எழுத்தும் ரோமன் ‘R’ எழுத்தும் ஒன்றாக இணையும்படி அவர் வரைந்த அந்த வடிவத்தை இன்று பெட்டிக்கடை விலைப்பலகை வரைக்கும் காண்கிறோம். ‘புதுமையாக, அழகாக ஒன்று வரைந்து அனுப்புக’ என்று மட்டும் அறிவித்திருந்தால், வந்த ஆயிரக்கணக்கான வடிவங்களில் எதை எதனோடு ஒப்பிட்டுத் தேர்ந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தமிழில் இதற்கான இலக்கணம் இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்களாகப் பத்தைச் சொல்கிறது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கையும் நான் தினமும் ஜாப் கார்டுகளில் பார்க்கிறேன். எங்கிருந்து அளப்பது என்று எழுதாமல் நான் விட்டது குன்றக் கூறல். ‘போன தடவை மாதிரியே நேவி நீலம்’ என்று டையிங்குக்கு எழுதுவது மயங்க வைத்தல். போன தடவை இரண்டு நேவி நீலம் ஓடியிருக்கும். வேண்டிய நீலத்தின் பான்டோன் எண்ணை (நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்) எழுத அரை நிமிடம் போதும். எழுதாமல் விட்டதால் நூற்றுக்கணக்கான கிலோ துணி மறுசாயத்துக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நன்னூலின் இந்தச் சூத்திரத்தைப் பள்ளியில் நாங்களும் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். அதைக் கொண்டு நாங்கள் எழுதிய ஒரு தாளையாவது சோதித்துப் பார்க்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது குறிப்பு எழுதும் வழக்கமே குறைந்து, வாட்ஸ்அப் குரல்பதிவில் வேலை சொல்லும் வழக்கம் கூடியிருக்கிறது. நாலு நிமிடக் குரல்பதிவில் அளவு ஒரு இடத்தில் வரும், நிறம் ஒரு இடத்தில் வரும், நடுவில் வேறு ஆர்டரைப் பற்றிய பேச்சும் வரும். அதைக் கேட்கும் டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு மூன்று முறை திரும்பக் கேட்கிறார். சொல்பவர் மிச்சப்படுத்திய நேரத்தைக் கேட்பவர் இழக்கிறார், அதுவும் பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர்.

பள்ளிக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள், படிவம் நிரப்பச் சொல்கிறார்கள், ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு படத்தைக் கொடுத்துச் சொந்தமாக எழுதவும் சொல்கிறார்கள். வினாத்தாளை அமைத்தவர்களின் நோக்கம் உயர்ந்தது; அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நடைமுறையில், எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி நாலைந்து பொதுவான வரிகளைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். என் மகளின் நோட்டிலேயே அப்படி ஒன்று இருந்தது. மரம் நடும் படத்துக்கும் அதே வரி, சாலையைக் கடக்கும் முதியவருக்கும் அதே வரி. காட்சியைக் காணாமலே கவினுற எழுதிவிட முடிகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அறுபது பிள்ளைகளின் தாளைத் திருத்துபவர் வேறு என்ன செய்வார்? மதிப்பிடும் முறையை மாற்றினால்தான் இது மாறும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை எங்கள் பகுதிக் கல்லூரிகளில் மாணவர்களிடம் பேசக் கூப்பிடுவார்கள். அங்கே நான் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு மாணவரிடம் மட்டும் ஒரு காகிதப் பையைக் காட்டுவேன். அவர் அதைச் செய்யும் முறையை எழுத வேண்டும், பையைப் பார்க்காத இன்னொருவர் அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், பேசக்கூடாது. கடந்த முறை எட்டு ஜோடிகள் செய்தார்கள். ‘தாளைப் பாதியாக மடிக்கவும்’ என்று எழுதியிருந்தார் ஒருவர். நீளவாக்கிலா அகலவாக்கிலா என்று எழுதாததால், செய்தவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியவரோ வாயைப் பொத்திக்கொண்டு தவித்தார். எட்டு ஜோடியில் ஒரு பைகூட அசலைப் போல் வரவில்லை. எழுதியவர்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள்; நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அதே வேலைக்கு வேறொரு குறிப்பை நான் கொடுத்தேன். ‘ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையைச் சிந்தாமல் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோக வேண்டும். ஒரு தாள் மட்டும். பசையும் கத்தரியும் கிடையாது.’ இரண்டு நிமிடத்தில் ஒரு மாணவி தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை முறுக்கி, மேலே வாயை உள்ளே மடித்துக் காட்டினார். நான் காட்டிய பையைவிட வேகமானது, பசை தேவையில்லாதது. அவருடைய பாட்டி சந்தையில் கடலைக்கடை வைத்திருந்தவராம். அந்த அறிவு அவரிடம் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. பையைப் போலவே செய் என்றபோது அதற்கு வேலையில்லை.

ஆகவே பள்ளிக்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தாவது, மொழிப்பாடத்தின் அகமதிப்பீட்டில், ஒரு மாணவர் எழுதிய பணிக்குறிப்பை இன்னொருவர் படித்துச் செய்து காட்டும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். எழுதியவருக்கு மதிப்பெண், படித்தவரால் கேள்வி கேட்காமல் செய்ய முடிந்ததா என்பதைப் பொறுத்து அமைய வேண்டும். இதை மனப்பாடம் செய்து ஏமாற்ற வழியில்லை, தனிச் செலவும் இல்லை. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட்டு, யாருக்கு என்ன தொல்லை, எது மாறக்கூடாது, ஏன், எவ்வளவு செலவுக்குள் என்று ஒரு பக்கமாவது எழுதிய பிறகே பணியைத் தொடங்க அனுமதிக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுத மாணவர் ஒரு பட்டறைக்கோ மருத்துவமனைக்கோ வயலுக்கோ போய் நின்று பார்த்தாக வேண்டும். நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து கல்லூரி மாணவர்களுக்குப் பல திறன் பயிற்சிகள் கிடைத்து வருகின்றன. அதிலும் இந்தப் பயிற்சிக்கு ஒரு சில மணி நேரம் ஒதுக்கினால் எங்களைப் போன்ற தொழிலில் இருப்பவர்கள் வந்து உதவுவோம். செயற்கை நுண்ணறிவிடம் வேலை சொல்லும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அதனிடமும் எழுதித்தான் கேட்கிறோம். எங்கிருந்து அளப்பது என்று எழுதாவிட்டால் அதுவும் தன் வழக்கப்படியே அளக்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பகுதியில் வாரம் ஒரு பணிக்குறிப்பை, உண்மையில் ஒரு தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ தீராமல் இருக்கும் சிக்கலை, அளவோடும் காரணத்தோடும் வெளியிட்டு, மாணவர்களின் தீர்வுகளை வரவேற்கலாம். முதல் குறிப்பை இத்துடன் எழுதி அனுப்புகிறேன்.

பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசையில் 5 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை அகலமுள்ள பருத்திப் பின்னல் துணிப் பட்டைகள் மிஞ்சுகின்றன. நீளம் ஒரு முழத்துக்குக் குறையாது, நிறம் கலந்து இருக்கும். இப்போது இவை கிலோ கணக்கில் வேஸ்ட்டாக விற்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டு ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி வகுப்பறையில் தினமும் பயன்படும் ஒரு பொருளைச் செய்ய வேண்டும். துவைத்து மீண்டும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளியால் மாதாமாதம் புதிது வாங்க முடியாது. சாதாரணத் தையல் இயந்திரம் ஒன்றே உண்டு. ஊசி, பொத்தான் போன்ற கூரான, விழுங்கத்தக்க எதுவும் அதில் இருக்கக்கூடாது. ஒருவர் ஒரு மணி நேரத்தில் குறைந்தது நான்கு தைத்து முடிக்க வேண்டும். பொருள் என்ன, அதன் வடிவம் என்ன, நிறங்களை எப்படிச் சேர்ப்பது ஆகியவை முழுக்கச் செய்பவரின் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின்னலாடை நிறுவனப் பணியாளர் ஒருவர்,
திருப்பூர்.